குற்றாலிங்கம் வைத்த தனி வாசல்

கொன்றையூரில் எப்சிபா டீச்சரைத் தேடிப் போகிறவர்கள் முதலில் ஜெராக்ஸ் கடையைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைக்குப் பக்கவாட்டில் ஒரு மாடிப்படி. மாடியில் நீளமாக ஒரே அறை. அங்கே உட்கார்ந்துதான் அவர் இணையதளங்களைக் கேட்பார்.

பார்ப்பார் என்று எழுதினாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். "நேத்து ஒரு படம் பார்த்தேன், மகா மட்டம்" என்று அவரே சொல்லுவார். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் மென்பொருள் ஒன்று அவர் கணினியில் உண்டு. அது வாசிக்கிற வேகத்தில் மற்றவர்களுக்குக் கடுகு பொரிகிற சத்தம்தான் கேட்கும். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விளங்கும்.

கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், கை நடுங்குகிறவர்கள் ஒரு தளத்துக்குள் நுழைந்து, வந்த காரியத்தை முடித்துக்கொண்டு வெளியேற முடிகிறதா என்று சோதித்துச் சொல்வது அவர் தொழில். அதைக் கற்றுக்கொடுப்பதும் தொழில். வயது முப்பத்துநான்கு.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்த குற்றாலிங்கத்துக்கு வயது ஐம்பத்தொன்று.

சீடராகச் சேர அவர் வரவில்லை. சண்டை போடத்தான் வந்தார். ஊரில் இருக்கிற ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் இணையதளம் கட்டிக்கொடுத்தவர் அவர். நகராட்சிக்கும் அவரே கட்டினார். அதை நகராட்சிக்காரர்கள் சோதனைக்காக எப்சிபாவிடம் அனுப்பினார்கள். 'உள்ளே போக முடியவில்லை' என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினார். அதே வரி மறுபடியும் வந்தது. யார் இந்த அம்மா என்று பார்த்துவிட வேண்டும் என்று படியேறினார்.

"ஏம்மா, என் தளத்துல என்ன கொறை கண்டீங்க?"

"உக்காருங்க அண்ணாச்சி. டீ சொல்லட்டுமா?"

"டீ இருக்கட்டும். கொறையைச் சொல்லுங்க."

எப்சிபா கையை நீட்டி, அவர் முன்னால் இருந்த கணினியின் மவுஸைத் தடவி எடுத்தார். வயரை உருவினார். மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

"இப்பம் உங்க தளத்துக்குள்ள போங்க. வீட்டு வரி கட்டுத இடம் வரைக்கும் போனாப் போதும்."

"மவுஸ் இல்லாம எப்படிப் போக?"

"கை நடுங்குதவங்களும் நானும் எப்படிப் போறோமோ, அப்படி."

குற்றாலிங்கம் கீபோர்டில் டேப் பொத்தானைத் தட்டினார். ஒரு தட்டுக்கு ஓரிடமாகத் திரையில் நகர்ந்து போகலாம். நகராட்சித் தலைவர் தண்ணீர்த் தொட்டி திறக்கிற படத்தில் போய் நின்றது. மறுபடி தட்டினார். தலைவர் மரக்கன்று நடுகிற படம். மறுபடி தட்டினார். தலைவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நிற்கிற படம். மறுபடி தட்டினார். தண்ணீர்த் தொட்டி.

முகப்பில் ஓடிக்கொண்டே இருக்கிற அந்தப் படங்களை ஆசை ஆசையாக வைத்தவரே அவர்தான். இப்போது அவற்றைத் தாண்டி வெளியே வர அவருக்கே வழி தெரியவில்லை.

"என்ன அண்ணாச்சி, வரி கட்டியாச்சா?"

"தலைவர் விட மாட்டேங்காரு, டீச்சர்."

அம்மாவாக இருந்தவர் டீச்சரானது அப்போதுதான். மறுநாளே குற்றாலிங்கம் ஒரு நோட்டும் பேனாவுமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

சேர்ந்த பிறகு அவருடைய வாய் ஓயவில்லை. கேள்வி கேட்பதில் சின்னப் பிள்ளை தோற்றுப்போகும்.

"காது கேக்காதவங்க வீடியோவை என்ன செய்வாங்க, டீச்சர்?"

எப்சிபா ஒரு மேடைப் பேச்சை ஓடவிட்டு, சத்தத்தை அடைத்தார்.

"இவர் என்ன சொல்லுதார், அண்ணாச்சி?"

"வாயை வாயை அசைக்கார். கையை ஆட்டுதார்."

"எதைப் பத்தி?"

"தெரியலியே. கீழ எழுத்துல போட்டாத்தானே தெரியும்?"

எப்சிபா அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார். குற்றாலிங்கம் தான் சொன்னதையே நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த வகுப்பில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். இருபத்துமூன்று வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போய்விட்டது. குரல் மட்டும் வெண்கலம். பக்கத்து அறையில் பேசினாலும் ஒரு சொல் சிதறாமல் வந்து சேரும். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. கொன்றையூர் பஸ் ஸ்டாண்டில் மைக்கைப் பிடித்து, எந்த பஸ் எப்போது எங்கே நிற்கிறது என்று அறிவிக்கிற வேலை வேண்டும்.

குற்றாலிங்கத்துக்கு இது விசித்திரமாக இருந்தது.

"ஏன் தாயி, பேங்க் வேலை இருக்கு, டெலிபோன் வேலை இருக்கு. பஸ் ஸ்டாண்டு எதுக்கு?"

"இப்பம் இருக்கவர் சொல்லுதது டிரைவருக்கே வெளங்கல, அண்ணாச்சி. போன வாரம் சங்கரன்கோவில் பஸ்ஸை விட்டுட்டு நின்னேன். என்னைச் சுத்தி கண்ணு தெரிஞ்சவங்களும் நின்னாங்க. நான் சொன்னா ஒருத்தரும் பஸ்ஸை விட மாட்டாங்க."

"அப்பம் மனு போட வேண்டியதுதானே?"

"போன தடவை எங்கண்ணன்தான் போட்டான். போட்டாச்சுன்னு சொன்னான். பெறவு பார்த்தா போடவே இல்லை. பொம்பளப் பிள்ளை பஸ் ஸ்டாண்டுல போய் உக்காரதான்னு அவனே முடிவு பண்ணிட்டான்."

"அடப்பாவி."

"பாவி இல்லை, அண்ணாச்சி. பாசம் ஜாஸ்தி. என் பேர்ல வாரதை எல்லாம் அவன்தான் வாசிப்பான். எதைச் சொல்லணும், எதைச் சொல்ல வேண்டாம்னு அவனே பிரிச்சிருவான். இந்த ஒண்ணையாவது நானே போடணும்."

அந்த மாதமே நகராட்சி அறிவிப்பாளர் வேலைக்கு ஆள் கேட்டது. விண்ணப்பம் இணையதளம் வழியாக மட்டும்.

இசக்கிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் தளத்தின் வாசலில் தலைவர் இன்னும் தொட்டி திறந்துகொண்டிருந்தார். குற்றாலிங்கம் ஓடிப்போய்த் தலைவரையே பார்த்தார்.

"ஐயா, முகப்புல படம் ஓடுதது நிக்கணும். இல்லேன்னா மாத்திக் கட்டணும். கொஞ்ச நாள் தளத்தை மூடி வைக்க வேண்டியிருக்கும்."

"படம் ஓடாம தளம் எதுக்கு வே?" என்றார் தலைவர். "வேற ஏதாவது வழி பாரும்."

குற்றாலிங்கம் வேறு வழி பார்த்தார். முகப்புப் பக்கத்தில் கை வைக்கவில்லை. பார்வையற்றவர்களுக்கென்று தனி முகவரியில் ஒரு பக்கம் கட்டினார். படம் கிடையாது, ஓடுகிற எழுத்து கிடையாது. விஷயங்கள் வரிசையாக, ஒவ்வொரு பொத்தானுக்கும் தெளிவான பெயரோடு இருந்தன. மனைவியின் பழைய துண்டை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை தானே நடந்து பார்த்தார். எங்கேயும் இடறவில்லை. பக்கத்துக்குச் 'சிறப்பு வாசல்' என்று பெயரும் வைத்தார்.

வகுப்பிலேயே உட்கார்ந்து இசக்கி விண்ணப்பம் போட்டாள். அன்றைக்கு யாரும் மூச்சு விடவில்லை. அவள் விரல்கள் கீபோர்டில் போய்க்கொண்டே இருந்தன. ஓரிடத்தில் நின்றன. குற்றாலிங்கம் உதவுவதற்காக எழுந்தார். எப்சிபா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். விரல்கள் மறுபடி நகர்ந்தன.

"விண்ணப்பம் பெறப்பட்டது" என்று கணினி வாசித்தது. "குரல் தேர்வு வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, பஸ் நிலைய அலுவலகத்தில்."

இசக்கி அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கவிட்டுக் கேட்டாள்.

"போட்டுட்டேன், அண்ணாச்சி! நானே போட்டுட்டேன்!"

குற்றாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் எத்தனையோ தளம் கட்டியிருக்கிறார். ஒன்றைப் பார்த்துக்கூட யாரும் இப்படிக் கத்தியதில்லை. வாயெல்லாம் பல்லாக டீச்சர் பக்கம் திரும்பினார்.

"எப்படி டீச்சர் நம்ம சிறப்பு வாசல்?"

"கேட்டேன். இசக்கி போட்டதுல எனக்கும் சந்தோஷம்."

"அவ்வளவுதானா?"

"நாளைக்கு வாங்க, சொல்லுதேன்."

மறுநாள் காலையில் குற்றாலிங்கம் படியேறி வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"கண்ணுள்ள அன்பரே, வருக வருக!"

அவர் சிரித்தார். போய் உட்கார்ந்தார். டீக்கார அம்மாள் வந்தாள்.

"கண்ணுள்ள அன்பருக்கு ஒரு டீ."

அதற்கும் சிரித்தார். நோட்டைத் திறந்தார். "கண்ணுள்ள அன்பர் நோட்டைத் திறக்கிறார்" என்றது ஒரு குரல். தண்ணீர் குடிக்கப் போனார். "கண்ணுள்ள அன்பரே, தங்களுக்காகவே பிரத்தியேகமாக வைக்கப்பட்ட பானை இடப்பக்கம் உள்ளது" என்றாள் இசக்கி, பஸ் ஸ்டாண்டு மைக்கில் சொல்வது போல. அறையே சிரித்தது. மத்தியானத்துக்குள் குற்றாலிங்கத்துக்குக் காது சிவந்துவிட்டது.

"போதும் டீச்சர்! எனக்குப் பேர் இல்லையா? கண்ணு இருக்கதை மணிக்கு மணி ஞாபகப்படுத்தணுமா?"

எப்சிபா தன் கணினியில் சிறப்பு வாசலைத் திறந்து, எல்லோருக்கும் விளங்குகிற வேகத்தில் வாசிக்கவிட்டார்.

"பார்வையற்ற அன்பரே, வருக வருக! தங்களுக்காகவே பிரத்தியேகமாக வடிவமைக்கப்பட்ட பக்கம் இது."

அடுத்த பக்கத்துக்குப் போனார். "பார்வையற்ற அன்பரே, வருக வருக!"

அதற்கும் அடுத்த பக்கம். "பார்வையற்ற அன்பரே..."

"நிறுத்துங்க டீச்சர்" என்றார் குற்றாலிங்கம்.

வரவேற்பை அன்றைக்கே எடுத்துவிட்டார். மூக்கு உடைந்த வலி கொஞ்சம் இருந்தது. அதைவிட, இனி குறை ஒன்றும் இல்லை என்கிற நிம்மதி அதிகமாக இருந்தது. திரும்பி வந்து கேட்டார்.

"இப்பம் சரியா, டீச்சர்?"

"முகப்புப் பக்கத்தை எப்பம் சரி பண்ணப் போறீங்க?"

"அதான் இது இருக்கே. இதுல எல்லாம் இருக்கு. அதுல இருக்கது அப்படியே இதுல இருக்கும்."

"அதுல எழுதுதது யாரு?"

"நகராட்சி ஆபீஸ்ல எழுதுவாங்க."

"இதுல?"

"நான் பார்த்து எடுத்துப் போடுவேன்."

"வாசல்னு ஒண்ணு வச்சா தினம் கூட்டிப் பெருக்க ஆள் வேணுமே, அண்ணாச்சி."

"நான் இருக்கேம்லா."

"முகப்பு இன்னும் பூட்டித்தான் கெடக்குன்னு நகராட்சிக்கு எழுதிப் போட்டிருக்கேன்" என்றார் எப்சிபா. "பதில் வரல."

"வரும் டீச்சர், வரும். எல்லாம் ஒரே நாள்ல நடக்குமா?"

எப்சிபா அடுத்த பாடத்துக்குப் போனார்.

குற்றாலிங்கம் சொன்னபடியேதான் செய்தார். ஆரம்பத்தில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை முகப்புப் பக்கத்தைத் திறப்பார். புதிதாக வந்ததை எடுத்துச் சிறப்பு வாசலில் போடுவார். குடிநீர் வராத நாள், கொசு மருந்து அடிக்கிற தெரு என்று எதையும் விடவில்லை. பிறகு காலையில் மட்டும் திறந்தார். பிறகு கல்யாண மண்டபத்துக்காரர் தன் தளத்தை மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டார். முகூர்த்த மாதம், அவசரம் என்றார். குற்றாலிங்கமும் என்னதான் செய்வார், அவருக்கும் பிழைப்பு இருக்கிறது.

புதன்கிழமை சாயங்காலம் மண்டபத்துக்காரர் வீட்டில் காபிக்குக் காத்திருந்தபோது, சும்மா போனை எடுத்து நகராட்சித் தளத்தைத் திறந்தார். தலைவர் மரக்கன்று நட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே சிவப்பு எழுத்து ஓடியது. 'அறிவிப்பாளர் குரல் தேர்வு நாளை காலை ஒன்பது மணிக்கு நகராட்சிக் கூடத்தில் நடைபெறும்.'

ஓகோ, நேரத்தை மாற்றிவிட்டார்கள் போல என்று நினைத்தார். காபி வந்தது. மண்டபத்துக்காரர் தோரணம் ஆடுகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

வியாழக்கிழமை குற்றாலிங்கம் வகுப்புக்கு வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. இசக்கி புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெந்நீர் பாட்டில். எப்சிபா அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தப்புத் தப்பாக ஊர்ப் பெயர்களைச் சொல்லி அவளை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி வந்தாச்சா? ரெண்டு மணிக்கு நானும் இவகூடப் போறேன்" என்றார் எப்சிபா. "நீங்களும் வாங்க."

குற்றாலிங்கம் நின்ற இடத்திலேயே நின்றார்.

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணிக்குத்தான்" என்றாள் இசக்கி. "காலைல எந்திரிச்சதும் பார்த்துட்டேன். டீச்சரும் பார்த்தாங்க. ரெண்டுதான்."

"தாயி, எந்திரி."

"என்ன அண்ணாச்சி?"

"எந்திரி தாயி. ஆட்டோல போய்க்கிட்டே சொல்லுதேன்."

நகராட்சிக் கூடத்தில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மைக் வயரை ஒருவர் முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். மேசையருகே நின்ற பெண் அலுவலர் கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

"தேர்வு முடிஞ்சுதேம்மா."

"ரெண்டு மணின்னு போட்டிருந்துது, மேடம்."

"காலைல ஒன்பதுக்குன்னு நேத்தே மாத்திப் போட்டாச்சே. தளத்துல பார்க்கலியா?"

"பார்த்தேன் மேடம். இன்னைக்குக் காலைலகூடப் பார்த்தேன்."

"இந்தா, நீயே பாரு." அலுவலர் தன் போனை எடுத்து இசக்கியின் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் சிவப்பு எழுத்து ஓடியது. இசக்கி அசையவில்லை. யாருக்கு நீட்டுகிறோம் என்று அப்போதுதான் அலுவலருக்கு உறைத்தது. கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"தப்பு என்னோடது, மேடம்" என்றார் குற்றாலிங்கம். "தளம் கட்டினவன் நான்தான். இந்தப் பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு பக்கம் வச்சேன். அதுல மாத்தாம விட்டுட்டேன். ஒரே ஒரு தடவை இவளைப் பேசச் சொல்லிக் கேளுங்க."

"நான் கேட்டு என்ன சார் செய்ய? மார்க் போட வந்தவங்க கெளம்பிட்டாங்க." அலுவலர் கெட்டவர் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டார். "ராத்திரி ஷிப்டுக்கும் ஒரு ஆள் எடுக்கணும்னு பேச்சு இருக்கும்மா. தேதி முடிவானா தளத்துல போடுவோம். பார்த்துக்கிட்டே இரு."

இசக்கி தலையை ஆட்டினாள்.

திரும்பி வருகிற வழியில் ஆட்டோ பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. உள்ளே மைக்கில் யாரோ எதையோ சொன்னார்கள். தென்காசி என்பது மட்டும் காதில் விழுந்தது. இசக்கி அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஆட்டோ திரும்பிய பிறகுதான் பேசினாள்.

"மாத்தினது உங்களுக்கு எப்பம் தெரியும், அண்ணாச்சி?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை.

"நேத்து சாயங்காலம்."

"ஓ."

"மறந்துட்டேன் தாயி."

"உங்களைக் கொறை சொல்லல. எங்கண்ணன்கிட்ட என்ன சொல்லதுன்னுதான் யோசிக்கேன். இனிமே எல்லாம் நானே பார்த்துக்கிடுதேன், நீ சும்மா இருன்னு சொல்லுவான். சொன்னா நான் என்ன பதில் சொல்ல?"

குற்றாலிங்கத்துக்குத் தெரிந்தே செய்த துரோகம் என்றால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது என்று பட்டது. தன்னிடம் கிடந்த ஒரு செய்தி, அவளுக்கு வேண்டிய செய்தி, காபி டம்ளர் பக்கத்தில் கிடந்து ஆறிப்போயிருக்கிறது.

அவளை வீட்டில் விட்டார். அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். குற்றாலிங்கம் ஆட்டோவிலிருந்து இறங்கி, தப்பு தன்னுடையது என்று அவனிடமும் சொன்னார். அவன் கோபப்படவில்லை.

"விடுங்க. இதுக்குத்தான் நான் பார்த்துக்கிடுதேன்னு சொன்னேன்" என்று சொல்லி, இசக்கியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். வாசற்படி அவளுக்குப் பழகியதுதான். அந்தக் கை தேவையே இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

குற்றாலிங்கம் ஜெராக்ஸ் கடை மாடிக்குத் திரும்பி வந்தார். எப்சிபா தனியாக உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார்.

"நடக்கலியா?"

"முடிஞ்சுபோச்சு, டீச்சர்."

 எப்சிபாவுக்கும் ஆத்திரம் இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்களில் அது தெரிந்தது. "எனக்கும் அந்தப் பக்கம் ரெண்டு மணின்னுதான் சொல்லிச்சு" என்றார் பிறகு. "நானும் ரெண்டு மணின்னே நம்பி அவளை உக்கார வச்சிருந்தேன்."

குற்றாலிங்கம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். வருகிற வழியெல்லாம் யோசித்து, போனிலும் பேசி வைத்திருந்தார். அதை ஒரே மூச்சில் கொட்டினார்.

"இன்னொரு தேர்வு இருக்காம், டீச்சர். ராத்திரி ஷிப்டுக்கு. தேதி தளத்துல வருமாம். இந்தத் தடவை விட மாட்டேன். ரெண்டு பக்கத்தையும் காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஒத்துப் பார்ப்பேன். போன்ல அலாரம் வச்சுட்டேன். நான் வெளியூர் போனா பார்க்கதுக்கு என் மருமகன்கிட்டச் சொல்லியாச்சு. நகராட்சி ஆபீஸ்லயும் சொல்லி வச்சிருக்கேன், மாத்தினா உடனே எனக்குச் சொல்லணும்னு. சொன்ன அடுத்த நிமிஷம் இசக்கிக்கு நானே போன் போடுவேன். அவ எடுக்கலேன்னா நேர்லயே போய்ச் சொல்லிருவேன்."

"சரி."

"இதுக்கு மேலயும் ஏதாவது செய்யணும்னா சொல்லுங்க. தேதி அவ கைக்குப் போய்ச் சேரணும். அதுக்கு என்ன வேணும்னாலும் செய்யுதேன்."

எப்சிபா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். கீழே ஜெராக்ஸ் எந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"தேதி வந்தா, உங்களுக்கு யாரு போன் போடுவாங்க, அண்ணாச்சி?"

"எனக்கா?" குற்றாலிங்கத்துக்குக் கேள்வி விளங்கவில்லை. "எனக்கு எதுக்கு டீச்சர் போன்? எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். முகப்புலயே வந்துரும். நானே பார்த்துக்கிடுவேன்."

"அவளும் அதைத்தான் கேட்டா, அண்ணாச்சி."